பூட்டிய கோரைத் திறப்பதற்கு முன்னால்

போன சித்திரையில் கானாடுகாத்தானிலிருந்து ஒரு அண்ணன் தன் சிபியுவைக் காரில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்துப் பேரேடுகளை, ஓரம் பொடிந்துகொண்டிருந்த புத்தகங்களை, மூன்று மாதமாகப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேமித்திருக்கிறார். கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆகவில்லை, நீலத் திரையும் வந்ததில்லை. ஆனால் சில படங்கள் திறக்கவே மறுத்தன, சிலவற்றில் பாதிப் பக்கத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். "ஹார்ட் டிஸ்க் போயிருச்சு போல தம்பி, வேற மாத்திக் குடுங்க" என்றார்.

ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தது. ரேமை ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்டில் ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன்னால் வருகிற மதர்போர்டின் செட்டிங் திரைக்குள், போனபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) என்று விற்ற ப்ராசஸரில் பூட்டிக் கிடந்த மற்ற இரண்டையும் திறந்து, அதே கையோடு வேகத்தையும் ஏற்றியிருந்தார்கள். காலேஜில் படிக்கிற உறவுக்காரப் பையன், மாமாவுக்கு ஸ்கேன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நல்ல மனதோடு செய்தது. ப்ராசஸரை விடாமல் கணக்குப் போடவைத்துச் சோதிக்கும் பிரைம்95 புரோகிராமைப் போட்டேன். மூன்று கோர்கள் ஓடிக்கொண்டிருக்க, நான்காவது ஏழே நிமிடத்தில் தப்பான விடை சொல்லி நின்றது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு கோர் திரையில் தெரிந்தது, விண்டோஸ் ஓடியது, அவன் வேலை முடிந்தது என்று நினைத்தான். பழைய ஏஎம்3 போர்டுகளை (ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர் பொருந்தும் மதர்போர்டுகள்) செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு இதையே செய்து தரச் சொல்லி என்னிடம் வருகிற பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்தக் கோர்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏஎம்டி 2009-ல் ஃபீனம் II வரிசையை விற்றபோது எக்ஸ்3 720, எக்ஸ்2 550 போன்றவற்றுக்குத் தனியாகச் சிப் வார்க்கவில்லை. நான்கு கோர் உள்ள அதே 45 நானோமீட்டர் சிப்பில் ஒன்றையோ இரண்டையோ அணைத்து, விலை குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு சிப்பில் கோர் பழுதாக இருந்ததால் அணைத்திருக்கலாம். இன்னொன்றில் எல்லாமே நன்றாக இருந்தும், மலிவான மாடலுக்குக் கேட்பு அதிகம் என்பதால் அணைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்பி710, எஸ்பி750 என்ற சவுத்பிரிட்ஜ் (மதர்போர்டின் துணைச் சிப்) உள்ள போர்டுகளில் ஓவர்கிளாக்கிங்குக்கு, அதாவது வேகம் ஏற்றுவதற்கு, உதவ வைத்த ஏசிசி என்ற வசதி, சில பயாஸ்களில் இந்த அணைந்த கோர்களையும் எழுப்பிவிட்டது. பிறகு போர்டு கம்பெனிகளே அதற்கென்று தனி ஆப்ஷன் கொடுத்தார்கள். திறந்தவுடன் 550 என்ற பெயர் போய் எக்ஸ்4 பி50 என்று திரையில் வரும். கோர் எழுந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பெயர் சாட்சி. ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதா என்று அது சொல்லாது. (புது ப்ராசஸர்களில் இந்த வழியே கிடையாது, கோரைத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகத் துண்டித்துவிடுகிறார்கள்.)

என்னிடம் வந்தால் நான் செய்யும் முறை இதுதான். கோரைத் திறப்பதையும் வேகம் ஏற்றுவதையும் ஒரே நாளில் செய்யவே மாட்டேன், ஏனென்றால் பிழை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். முதலில் ரேமைச் சோதிக்கிறேன். அப்புறம் பயாஸ் இடம்கொடுத்தால் மூன்றாவது கோரை மட்டும், கம்பெனி வேகத்திலேயே, திறந்து ஓர் இரவு பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய புரோகிராம் அது. சோதனைக் கணக்குகளுக்குச் சரியான விடை அதற்கு முன்பே தெரியும் என்பதால் கோர் ஒரு தடவை தப்பினாலும் பிடித்துவிடும். மூன்றாவது தேறினால்தான் நான்காவது. நான்காவது தேறாவிட்டால் மூன்றோடு நிறுத்திவிடுவேன். கொஞ்சம் வோல்டேஜ் கூட்டினால் தேறும் என்று சொல்வார்கள், சில சமயம் தேறவும் செய்யும், ஆனால் கணக்கு வழக்கோ கல்யாணப் படங்களோ இருக்கிற கம்ப்யூட்டரில் அப்படித் தேறிய கோரை நான் நம்புவதில்லை.

வேகத்துக்கு வருகிறேன். பிளாக் எடிஷன் (பெருக்கியைப் பூட்டாமல் விற்ற மாடல்) என்றால் பெருக்கியை மட்டும் கூட்டுங்கள். 550-ல் 200 மெகாஹெர்ட்ஸை 15.5 ஆல் பெருக்கித்தான் 3.1 கிகாஹெர்ட்ஸ் வருகிறது. பெருக்கியில் அரை கூட்டினால் 100 மெகாஹெர்ட்ஸ். அந்த 200-ஐத் தொட்டால் ரேம் வேகம், நார்த்பிரிட்ஜ் (ப்ராசஸருக்குள் ரேமோடு பேசும் பகுதி) வேகம் எல்லாம் சேர்ந்து நகரும், புதிதாகச் செய்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வோல்டேஜில் இன்னும் கவனம் வேண்டும். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 3.1-லிருந்து 3.6-க்குப் போக 1.35 வோல்ட்டை 1.45 ஆக்கினால் செலவும் சூடும் ஏறக்குறைய 34 சதவீதம் கூடும், அதுவும் இப்போது இரண்டு கோருக்குப் பதில் நான்கு கோரில். இதையெல்லாம் சுமப்பது மதர்போர்டில் ப்ராசஸர் பக்கத்தில் இருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கிற சின்ன மாஸ்ஃபெட்டுகளும், ஸ்டிக்கரில் மட்டும் 450 வாட் போட்ட எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியும்தான்.

நம்ம ஊர்ச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஹீட்சிங்க் அறையின் சூட்டுக்கு மேலேதான் ப்ராசஸரை வைத்திருக்கும், கீழே இறக்காது. அறை 25 டிகிரியில் 55 காட்டுகிற ப்ராசஸர், அறை 38 ஆனால் 68-க்குப் போகும். சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையும் இருக்கிற பட்டாலையில் மார்கழி மாதம் சோதித்துவிட்டு, அதே கம்ப்யூட்டரை மாடியில் தகரக் கொட்டகைக்கு மாற்றினால் வைகாசியில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கே வைத்து ஓட்டப்போகிறீர்களோ அங்கேயே, மதியம் 2 மணிக்குச் சோதியுங்கள். புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து வருகிற சிபியுக்களில் ஹீட்சிங்க் இடுக்கு முழுக்கத் தவிட்டுத் தூசி அப்பியிருக்கும், அவற்றில் நான் வேகத்தைத் தொடுவதே இல்லை. இன்னொன்று, கோர் திறந்த பிறகு தனித்தனிக் கோரின் வெப்ப அளவு பெரும்பாலும் பூஜ்யம் என்றோ பொருந்தாத எண்ணாகவோ காட்டும். "முப்பதுதான் அண்ணே காட்டுது" என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொன்னபோது ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. போர்டின் சாக்கெட் சென்சாரைப் பாருங்கள்.

எல்லாம் தேறிய பிறகும் ஒரு மாதத்துக்கு விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஎச்இஏ (ஹார்ட்வேர் பிழைக்கு விண்டோஸ் வைத்த பெயர்) என்று ஏதாவது பதிவாகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். பெரிய ஜிப் ஃபைல் பிரியும்போது பிழை சொன்னால் டவுன்லோடைச் சந்தேகிக்கும் முன்னால் உங்கள் கோரைச் சந்தேகியுங்கள். அதுவரை முக்கியமான எதையும் அந்த மெஷினில் மட்டும் வைக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் அண்ணனுக்கு இரண்டு கோராகவே திருப்பி வைத்து, வேகத்தையும் பழையபடி ஆக்கிக் கொடுத்தேன். பையன் எந்த வாரம் கோரைத் திறந்தான் என்று விசாரித்து, அந்தத் தேதிக்குப் பிறகு சேமித்த அத்தனை பக்கங்களையும், நன்றாகத் திறக்கிறவற்றையும் சேர்த்து, மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். அவரும் பையனும் சேர்ந்து உட்கார்ந்து செய்தார்கள். இரண்டு பேரேடுகளில் கடைசிப் பக்கங்கள் முதல் ஸ்கேனின்போதே கையோடு உதிர்ந்துபோயிருந்தன. அவற்றுக்கு அந்தப் பாதிச் சாம்பல் படங்கள்தான் இருக்கின்றன.