எதிராளி இல்லாத அறையில் மல்யுத்தம்

மல்யுத்தக் கூடத்தில் இரண்டு மணி நேரம் புரண்டு எழுந்த பிறகும் “இன்னும் ஒரு சுற்று” என்று கேட்கிற 13 வயதுப் பெண், வீட்டில் தனியாக இருபது நிமிடம் பயிற்சி செய்யச் சொன்னால் ஐந்தாவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்க்கிறாள். பெற்றோர் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. ஆனால் உடம்பும் ஆசையும் அப்படியேதான் இருக்கின்றன. எதிரில் நிற்கும் ஆள் மட்டும் இல்லை. அந்த ஒரு ஆள் இல்லாதது மூளைக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று புரிந்தால், பிள்ளையைத் திட்டுவதைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

டோபமைன் என்றாலே இன்பம் தரும் ரசாயனம் என்று சொல்லிவிடுகிறோம். விஷயம் அதைவிட நுட்பமானது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990களில் குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்ததும் அவை வேகமாகத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் அறிகுறி காட்டிப் பழக்கிய பிறகு, அறிகுறியைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சலனமே இல்லை. அறிகுறி காட்டியும் சாறு வராமல் போனால், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அந்த நேரத்தில் அடங்கியது. அதாவது, நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்த அணுக்கள் அளந்தன. மூளை அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது.

இப்போது கூடத்தை நினைத்துப் பாருங்கள். அவள் எதிராளியின் இரண்டு கால்களையும் பிடிக்கப் பாய்கிறாள். எதிராளி கால்களைப் பின்னால் எறிந்து, முழு எடையையும் அவள் முதுகில் இறக்கிவிடுகிறாள். அடுத்த முறை முதலில் கையை இழுத்து ஏமாற்றிவிட்டுப் பாய்கிறாள், பிடி விழுகிறது. சில வினாடிக்கு ஒரு கணிப்பு, உடனே அதற்கு ஒரு பதில். வீட்டிலோ காற்றைப் பார்த்து ஐம்பது பாய்ச்சல். முதல் பாய்ச்சலுக்கும் ஐம்பதாவதற்கும் ஒரே பதில், அதாவது பதிலே இல்லை. ஒரு பிள்ளையின் சலிப்பு முழுவதையும் குரங்குச் சோதனை விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

அப்படியானால் வீட்டுப் பயிற்சிக்குள் பதில்களைக் கொண்டுவர வேண்டும். எனக்குப் பிடித்த வழி மிக எளிது: தொடங்கும் முன் அவளையே கணிக்கச் சொல்லுங்கள். “30 வினாடியில் எத்தனை முறை காலைப் பின்னால் எறிந்து எழுவாய்?” பன்னிரண்டு என்கிறாள், பத்து வருகிறது. அந்த இரண்டின் இடைவெளி அவளை மறுபடி கேட்க வைக்கும். கைதட்டி விளையாடலாம்: ஒரு தட்டு என்றால் பாய்ச்சல், இரண்டு என்றால் தடுப்பு, எப்போது எது வரும் என்று தெரியக் கூடாது. கைப்பேசியில் பத்து வினாடி படம் எடுத்து, தலை நிமிர்ந்திருந்ததா, முதுகு நேராக இருந்ததா என்று அவளே பார்க்கட்டும்.

கலந்து செய்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஜான் ஷே, ராபின் மோர்கன் இருவரும் 1979ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வகைக் கையசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிப் பழகியவர்கள் தடுமாறினார்கள். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறியவர்களிடமே அசைவு நன்றாகத் தங்கியிருந்தது. அதனால் பயிற்சி கொஞ்சம் அலங்கோலமாகத் தெரிந்தால் உடனே திருத்தப் போகாதீர்கள்.

சரி, பரிசு கொடுத்தால்? “ஒரு வாரம் விடாமல் செய்தால் இது வாங்கித் தருகிறேன்” என்ற பேரத்தைத்தான் நாம் முதலில் கையில் எடுக்கிறோம். மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973ல் இதைச் சின்னக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துத் தங்கள் இஷ்டப்படி விளையாட விட்டபோது, பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறியதுதான் வித்தியாசம். முதலிலிருந்தே பிடிக்காத வேலைக்கு இந்த ஆபத்து குறைவு. மல்யுத்தத்தை நேசிக்கிற பிள்ளையிடம்தான் பேரம் அதிகம் கெடுக்கும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் ஊக்கம் நிலைக்க மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்கு வருகிறது என்ற உணர்வு, என்னோடு ஆள் இருக்கிறது என்ற உணர்வு. முதலாவதைக் கொடுப்பது சுலபம். இன்று தடுப்பா, நிற்கும் நிலையா, எதில் தொடங்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். மூன்றாவது வீட்டில் கடினம், ஆனால் அதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும்போதைவிட, இன்னொருவரோடு ஓட்டும்போது வேகமாகப் போனதை நார்மன் டிரிப்லெட் 1898லேயே எழுதியிருக்கிறார். கூடத்துத் தோழி ஒருத்தி அதே நேரத்தில் வீடியோ அழைப்பில் தன் வீட்டில் பயிற்சி செய்தால் போதும். இல்லையா, நீங்களே மண்டியிட்டு எதிரே உட்கார்ந்து, கைகளால் மணிக்கட்டைப் பிடித்து விலக்கும் ஆட்டத்தை ஆடுங்கள். தூக்கி எறிவதும், கழுத்தை ஊன்றிப் பாலம் போடுவதும் மட்டும் பயிற்சியாளர் இல்லாத இடத்தில் வேண்டாம்.

பழக்கம் பற்றி ஒன்று. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. எனவே ஒரு நாள் தவறியதற்கு வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பையை இறக்கி வைத்ததும் காலணி மாட்டுவது என்று ஒரே தருணத்தோடு கட்டிப்போடுவது உதவும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும், ஆசையாகச் செய்தவள் வாரக்கணக்கில் முகம் திருப்பினால், ஊக்கத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தூக்கத்தைப் பாருங்கள். பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. அப்புறம் சாப்பாடு: எடைப் பிரிவுக்காக ரகசியமாகப் பட்டினி கிடக்கிறாளா? சொல்லாமல் மறைக்கிற தோள்வலி, முட்டிவலி இருக்கிறதா? அப்படி ஏதாவது இருந்தால், முதலில் மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் பேசுங்கள். கைதட்டு ஆட்டம் அதுவரை காத்திருக்கட்டும்.