வாட்டர் கேனைத் திறந்த பிறகு

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், கிருமிகளைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சென்னைப் புறநகரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது டைபாய்டோ மஞ்சள் காமாலையோ வந்த பிறகுதான் எங்களைத் தேடி வருகிறார்கள். கையில் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் இருக்கும். "டிடிஎஸ் அறுபதுதான் மேடம், நானே பார்த்துட்டேன்" என்பார்கள்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். கிருமி இருப்பது அதற்குத் தெரியாது. 60 காட்டும் தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருக்கலாம், 600 காட்டும் தண்ணீர் கிருமியில்லாமல் இருக்கலாம். உப்பிலேயே எந்த உப்பு என்றும் அது சொல்லாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வருடங்களாகப் பல்லையும் எலும்பையும் பாதித்த ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே தொல்லை. அந்த அளவெல்லாம் இந்த மீட்டரில் தனியாகத் தெரியாது.

ஈ.கோலை இருந்தால் தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி (ஐ.எஸ். 10500) 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடைத்து விற்கும் கேன் தண்ணீருக்கு (ஐ.எஸ். 14543) 250 மில்லியில் தேடினாலும் இருக்கக் கூடாது. விதி கேன் தண்ணீருக்குத்தான் கடுமை. ஒழுங்கான கம்பெனி அதைக் காப்பாற்றவும் செய்கிறது. அப்படியானால் வீட்டில் எங்கே கெடுகிறது?

இதற்காகவே நான் இரண்டு மாதிரி கேட்பேன். ஒன்று, சீல் பிரிக்காத கேனிலிருந்து. இன்னொன்று, நீங்கள் தினமும் குடிக்கும் டிஸ்பென்சர் குழாயிலிருந்து. சீல் பிரிக்காதது தேறி, டிஸ்பென்சர் தண்ணீர் தேறாமல் போவதை அடிக்கடி பார்க்கிறோம். அந்தச் சின்னக் குழாயைக் கழற்றி உள்ளே பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தால் வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வரும். அது கிருமிகள் கட்டிய கூடு. மேலே கேன் நிறைந்திருந்தாலும் ஒவ்வொரு டம்ளரும் அதை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. கேனைக் கவிழ்க்கும்போது அதன் வாயில் படும் கை வேறு. தெருவிலும் டெம்போவிலும் உருண்ட கேனின் கழுத்தைத் துடைக்காமல் அப்படியே தொட்டிக்குள் இறக்குவது வேறு.

இன்னொரு விஷயம்தான் எனக்கு மிக முக்கியம். கேன் தண்ணீர் ஆர்ஓ வடிகட்டி, யுவி கதிர், கிருமி கொல்லும் ஓசோன் வாயு எல்லாம் தாண்டி வருகிறது. ஆனால் ஓசோன் சீக்கிரமே சிதைந்துவிடும். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் காவலுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கார்ப்பரேஷன் தண்ணீரில் குழாய் முனையில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். நாம் மூக்கைச் சுளிக்கிற அந்த மருந்து வாடைக்குக் காரணமான குளோரின்தான் வழியில் நுழையும் கிருமியைக் கொல்கிறது. வாடை பிடிக்காமல் கேனுக்கு மாறிய வீடுகளில், திறந்த கேனை ஒரு வாரம் வைத்துக் குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். டிஸ்பென்சரை வாரம் ஒருமுறை கழற்றி, குழாயைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே பச்சை படர்ந்த கேனை வாங்கவே வாங்காதீர்கள்.

வாங்கும்போது சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றையும் பாருங்கள். 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தினர் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதியை நீக்கினார்கள். அடுத்த மாதமே அடைத்த குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை என்றார்கள். தணிக்கை நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டு டிஸ்பென்சரை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை.

காமாலை வந்த வீட்டினர் இன்றைய கேனிலிருந்து பிடித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீர் வழியாகக் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் போய் நோயாக வெளியே வர 15 முதல் 50 நாள் ஆகும். நோயைக் கொடுத்த தண்ணீர் எப்போதோ தீர்ந்து, அந்த கேன் வேறு நாலு வீடு சுற்றியிருக்கும். அதனால் இன்றைய மாதிரி தேறிவிட்டால் தண்ணீர் காரணமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். தெருவில் இரண்டு மூன்று வீட்டில் காமாலை இருந்தால் உடனே மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். கழிவுநீர் எங்காவது குடிநீர்க் குழாயில் கலக்கிறதா என்று அவர்கள்தான் தேட முடியும்.

சோதிக்கக் கொண்டுவருவதானால் வீட்டு பாட்டில் வேண்டாம். கிருமி நீக்கிய பாட்டிலை நாங்களே தருவோம். குழாய்த் தண்ணீருக்கான பாட்டிலில், குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்டிருக்கும். அதைக் கழுவிவிடாதீர்கள். பிடித்த பாட்டிலை ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை, கேன் தண்ணீரானாலும் சரி, குழாய்த் தண்ணீரானாலும் சரி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்துக் குடியுங்கள்.