பேரிங் மாத்தியாச்சு சரி, ஏன் போச்சுன்னு பாத்தீங்களா?

நிறைய ப்ளான்ட்ல பிரேக்டவுன் ரிஜிஸ்டரைப் புரட்டினா ஒரே பம்ப் பேர்ல ஒரே வரி திரும்பத் திரும்ப இருக்கும், "பேரிங் போச்சு, மாத்தியாச்சு, பம்ப் ஓகே". ஏன் போச்சுன்னு ஒரு வார்த்தை இருக்காது. புரொடக்‌ஷன்காரங்க வந்து நிப்பாங்க, சீக்கிரம் ஓட்டிக் கொடுக்கணும், அந்த அவசரத்துல புதுசை ஏத்தி ஓட்டிட்டு பழசை ஸ்கிராப்ல தூக்கிப் போட்டுடுவாங்க. அங்கதான் தப்பு நடக்குது, ஏன்னா அந்தப் பழைய பேரிங்லதான் காரணம் இருக்கு.

கழட்டினதை டீசல்ல கழுவிடாதீங்க. முதல்ல கிரீஸ் எந்த நிறத்துல இருக்கு, கருகியிருக்கா, தண்ணி கலந்து வெள்ளையா இருக்கான்னு பாருங்க. அப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டு, வைஸ்ல நல்லா பிடிச்சு, வெளி ரேஸை (பால் ஓடுற ரெண்டு வளையத்துல வெளிய இருக்குறதை) கட்டிங் வீல்ல அறுத்துப் பிரிச்சுப் பாருங்க. சரியா ஓடின மோட்டார் பேரிங்னா வெளி ரேஸ்ல தடம் லோடு வர்ற பக்கம் மட்டும் நேரா இருக்கும், உள் ரேஸ்ல சுத்திவர இருக்கும். தடம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் சாய்ஞ்சு போயிருந்தா ரேஸ் கோணலா உக்காந்து ஓடியிருக்கு. பால் இருக்குற அதே இடைவெளியில பள்ளம் பள்ளமா இருந்தா ஏத்தும்போது வெளி ரேஸ்ல சுத்தியல் போட்டிருக்காங்க, இல்லன்னா ஸ்டாண்ட்பையில சும்மா நின்ன மெஷின் பக்கத்து மெஷின் அதிர்வுலயே அடி வாங்கியிருக்கு. ரேஸ் முழுக்க வரிவரியா சீரா கோடு இருந்தா அது பெரும்பாலும் கரண்ட் பாஞ்ச வேலை, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்குற டிரைவ்) போட்ட மோட்டார்ல இது சகஜம், அதுக்கு இன்சுலேட்டட் பேரிங், ஷாஃப்ட்ல வர்ற கரண்ட்டை எர்த்துக்கு இறக்குற ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ்னு போகணும், எத்தனை சாதா பேரிங் மாத்தினாலும் தீராது. வெல்டிங் பண்றப்போ எர்த் கிளாம்ப்பை எங்கயோ மாட்டிட்டு கரண்ட்டை மெஷின் வழியா பாய விடுறதும் பேரிங்கைக் கெடுக்கும்.

ஒரு கம்பெனியில கூலிங் வாட்டர் பம்ப் ஒண்ணு. வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடினது திடீர்னு பேரிங்கும், ஷாஃப்ட் ஓரமா தண்ணி கசியாம தடுக்குற மெக்கானிக்கல் சீலும் மாத்தி மாத்தி சாப்பிட ஆரம்பிச்சுது, பேரிங் பிராண்டை மாத்தினாங்க, கிரீஸை மாத்தினாங்க, மோட்டாரும் பம்ப்பும் நேர்க்கோட்டுல வர்ற மாதிரி அலைன்மென்ட் லேசர் வச்சு பண்ணினாங்க, எல்லா தடவையும் ரீடிங் சுத்தமா வந்துச்சு, ஆனா சில வாரத்துலயே சத்தம். நாங்க போனப்போ பண்ணின வேலை ரொம்ப சாதாரணமானது. மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்குற கப்ளிங்ல, நகர்வை முள்ளுல காட்டுற டயல் கேஜை மாட்டி, லைனை ஐசொலேட் பண்ணி ட்ரெயின் பண்ணிட்டு, சக்‌ஷன் டெலிவரி ஃபிளேஞ்ச் போல்ட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணினோம். முள்ளு 0.05 மில்லிமீட்டருக்கு மேல நகரக்கூடாதுன்னு நாங்க பொதுவா வச்சுக்குற அளவு, அங்க அரை மில்லியைத் தாண்டிப் போச்சு. டெலிவரி லைன் சப்போர்ட் ஒண்ணை ஏதோ சிவில் வேலைக்காக வெட்டி எடுத்துட்டு திரும்ப வைக்கல. 8 இன்ச் பைப், தண்ணியோட சேர்த்தா மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ, அந்த வெயிட் மொத்தமும் பம்ப் கேசிங் மேல தொங்கிட்டு இருந்திருக்கு. நின்ன பம்ப்ல அலைன்மென்ட் சரியா காட்டும், ஓட ஆரம்பிச்சு பிரஷர் ஏறினதும் கேசிங் இழுபட்டுடும். சப்போர்ட்டை வச்சு, பைப்பை வெட்டி ஃபிட்டப் பண்ணினப்புறம் அந்த பம்ப் பக்கம் யாரும் போகவேண்டி வரல. பேரிங் கணக்கும் இதைத்தான் சொல்லுது, பால் பேரிங்ல லோடு ரெண்டு மடங்கானா ஆயுசு எட்டுல ஒரு பங்கா இறங்கிடும்.

இதே மாதிரி சாஃப்ட் ஃபுட்டும் நிறைய இடத்துல விடுபடுது. மோட்டாரோட நாலு காலும் பேஸ்ல படிஞ்சிருக்கான்னு ஒவ்வொரு போல்ட்டா லூஸ் பண்ணி டயல்ல பாக்கணும், அதைப் பாக்காம பண்ற அலைன்மென்ட் வேஸ்ட். காலுக்கு அடியில வைக்குற ஷிம் தகட்டை அஞ்சாறு துண்டு அடுக்குறதுக்குப் பதிலா தடிமனா ரெண்டு மூணு போடுங்க, நிறைய அடுக்கினா ஸ்பிரிங் மாதிரி அமுங்கும்.

அடுத்து கிரீஸ், இதைப் பத்தி எவ்ளோ சொன்னாலும் பத்தாது. நம்ம ஃபிட்டர் அண்ணனுங்க பாசமா கிரீஸ் வெளிய பிதுங்குற வரைக்கும் அடிப்பாங்க, அது நல்லதுன்னு மனசார நம்புறாங்க, யாரும் சொல்லித் தரல. அதிகமா அடிச்சா பால் கிரீஸைக் கடைஞ்சு சூடாகும், சூடு ஏறினா கிரீஸ் உயிர் போகும், 70 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் ஆயுசு பாதியாகும்னு கணக்கு. அளவுக்கு ஈசியான வழி, பேரிங் வெளி விட்டம், அகலம் ரெண்டையும் மில்லிமீட்டர்ல பெருக்கி 0.005 ஆல பெருக்குங்க, கிராம்ல வந்துடும். 6313 பேரிங்னா 140, 33, ஆக 23 கிராம். உங்க கிரீஸ் கன் ஒரு அடிக்கு எவ்ளோ தள்ளுதுன்னு பத்து அடி அடிச்சு தராசுல போட்டுப் பாருங்க, கன்னுக்கு கன் மாறும். ட்ரெயின் பிளக்கைக் கழட்டிட்டு அடிங்க. அப்புறம் பாலியூரியா கிரீஸ் இருக்குற மோட்டார்ல கையில கிடைச்ச லித்தியம் கிரீஸை அடிக்காதீங்க, நிறைய நேரம் ரெண்டும் சேராது, இளகி ஓடிடும்.

வைப்ரேஷனுக்கு பெரிய அனலைசர் வாங்க மேனேஜ்மென்ட் யோசிக்கும், பரவால்ல, சின்ன பென் மீட்டர் ஒண்ணு வச்சு வாரா வாரம் அதே இடத்துல, அதே லோடுல எடுத்து எழுதுங்க. ஐஎஸ்ஓ 10816ங்கிற வைப்ரேஷன் ஸ்டாண்டர்ட் (2022லேருந்து இந்தப் பகுதி ஐஎஸ்ஓ 20816-3) அளவுப்படி 15லேருந்து 300 கிலோவாட் வரைக்கும் உறுதியான பவுண்டேஷன்ல இருக்குற மெஷினுக்கு 2.8 மிமீ/செகண்ட் தாண்டினா கவனிக்கணும், 4.5 தாண்டினா நிறுத்தி என்னன்னு பாக்கணும். ஆனா என் அனுபவத்துல அந்த நம்பரை விட முக்கியம் ஏறுற வேகம், எப்பவும் 1.2ல இருந்தது 2.4 ஆனா லிமிட்டுக்குள்ளதானேன்னு விட்டுடாதீங்க.

ஸ்டாண்ட்பை பம்ப்பை வாரம் ஒரு தடவை கையால சுத்தி வேற இடத்துல நிறுத்துங்க, முடிஞ்சா மாத்தி மாத்தி ஓட்டுங்க.

கையால சுத்துறதுன்னு சொன்னதால இதையும் சொல்லியே ஆகணும், இதுல விரல் போனவங்களை எனக்குத் தெரியும். பிரேக்கர் ஆஃப் பண்ணிட்டோமேன்னு கப்ளிங் மேல இருக்குற பாதுகாப்பு மூடியை, அதாவது கார்டைக் கழட்டி கை வைக்கிறாங்க, ஆனா பக்கத்து பம்ப் ஓடிட்டு இருக்கு, ரெண்டுக்கும் ஒரே டெலிவரி லைன் (காமன் ஹெடர்), தண்ணி திரும்பி வராம தடுக்குற நான் ரிட்டர்ன் வால்வு சரியா மூடாம பாஸிங், அப்போ தண்ணி திரும்பி வந்து கரண்ட்டே இல்லாம பம்ப்பை ரிவர்ஸ்ல சுத்தி விடும். அதனால பிரேக்கரைப் பூட்டினா மட்டும் பத்தாது, சக்‌ஷன் டெலிவரி ரெண்டு வால்வையும் மூடி, வால்வுக்கும் செயின் போட்டுப் பூட்டி, பிரஷர் இறங்கிடுச்சான்னு கேஜ்ல பாத்துட்டு, ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாத்துட்டு அப்புறம் கார்டைத் தொடுங்க. சாவி வேலை பாக்குறவர் பாக்கெட்லயே இருக்கணும், ஷிஃப்ட் மாறுறப்போ அடுத்து வர்றவர் தன் பூட்டைப் போட்டப்புறம்தான் இவர் தன்னோடதை எடுக்கணும்.