அகவணி

ரத்தக்குழாய்களின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல் அடுக்குக்கு எண்டோதீலியம் என்று பெயர். அந்தச் சொல்லை 1865இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் உடற்கூறியல் அறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ். உடலின் பரப்புகளை மூடும் திசுவுக்கு எபிதீலியம் என்ற பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. நெதர்லாந்தின் ஃப்ரெடரிக் ராய்ஸ் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே, 'தீலே' என்றால் முலைக்காம்பு. ஹிஸ் 'எபி'யை எடுத்துவிட்டு, உள்ளே எனப் பொருள்படும் 'எண்டோ'வை முன்னால் சேர்த்தார். ரத்தக்குழாய்க்குள் ஏது முலைக்காம்பு? பழைய பெயரின் பாதி தொற்றிக்கொண்டே வந்துவிட்டது.

தமிழில் இதற்கு அகவணி என்ற சொல் இருக்கிறது. எபிதீலியத்தை இலங்கைப் பாடநூல்கள் மேலணி என்கின்றன; அகவணி அதன் இணை. அணி என்பது வரிசை, அணிந்துகொள்வது என்ற இரு பொருளும் தரும். ரத்தக்குழாயின் உள்பக்கம் முழுவதும் ஒரே ஓர் அடுக்காக நெருங்கிப் படுத்திருக்கும் செல்களுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. கிரேக்கச் சொல்லைவிட இதுவே பொருத்தம் என்பேன். சிலர் எழுதும் 'உட்சுவர்' எனக்கு உடன்பாடில்லை. அது இந்தச் செல்களை வெறும் பூச்சாக நினைக்க வைக்கிறது.

அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளான அசெட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார். அகவணி இருந்த துண்டு தளர்ந்தது. அகவணி தேய்ந்துபோன துண்டு தளரவில்லை. குழாயைத் தளர்த்தும் பொருளை அகவணியே சுரக்கிறது என்பது தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு வாயு எனப் பின்னர் உறுதியானது. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் கிடைத்தது.

கொழுப்பு மிகுந்த உணவு கைவைப்பது இந்தச் சுரப்பில்தான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது. அதையொட்டிப் பெருகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் துகள்கள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன என்பதே ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்லும் விளக்கம். இதை அளப்பதற்கு ஊசி வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, ஐந்து நிமிடம் ஓட்டத்தை நிறுத்திவைத்துச் சட்டென்று தளர்த்துவார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது நல்ல அகவணி குழாயை விரிக்கும். மேற்கைத் தமனி எவ்வளவு விரிந்தது என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். 1997இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ராபர்ட் வோகல் குழுவினர் ஆரோக்கியமான 10 பேரிடம் இதைச் செய்தனர். 50 கிராம் கொழுப்புள்ள 900 கலோரி துரித உணவைச் சாப்பிட்டபின், சுமார் 21 சதவீதமாக இருந்த விரிவு 11 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மணி நேரம் கழித்தும் மீளவில்லை. அதே 900 கலோரி, ஆனால் கொழுப்பில்லாத உணவு சாப்பிட்ட நாளில் அந்த வீழ்ச்சி இல்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான்.

இந்த நிலைக்கு அகவணிச் செயல்குறைபாடு என்று பெயர். 'ஒரு வேளை எண்ணெய்ச் சாப்பாட்டில் ரத்தக்குழாய் அடைக்கிறது' என்று எழுதுவது தவறு. அந்தச் சில மணி நேரத்தில் எதுவும் அடைப்பதில்லை. விரியும் திறன்தான் தற்காலிகமாகக் குறைகிறது. அடைப்பு பல ஆண்டுகளில் உருவாவது. அகவணியின் செயல் நீடித்துக் கெடுவது அதன் தொடக்கநிலை.

ஆலிவ் எண்ணெயும் இதற்கு விலக்கல்ல. வோகல் குழுவினரின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், ஆலிவ் எண்ணெயோடு ரொட்டி சாப்பிட்டவர்களுக்கும் தமனியின் விரிவு குறைந்தது. அதே உணவோடு காய்கறிகளும் வினிகரும் சேர்ந்தபோது அந்தக் குறைவு பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது.