வாசனை இருக்கட்டும், புகை எங்கே போகிறது?

"வீட்டில் யாராவது புகை பிடிப்பாங்களா?" மூச்சிரைப்போடு வருகிற எல்லோரிடமும் நாங்கள் கேட்கிற கேள்வி இது. "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்" என்று பதில் சட்டென்று வரும். "சாமி கும்பிடும்போது என்னென்ன ஏத்துவீங்க?" என்று அடுத்ததாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். காலையில் இரண்டு ஊதுபத்தி, விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு, செவ்வாய் வெள்ளியில் சாம்பிராணி, ராத்திரி கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள். இதையெல்லாம் யாரும் புகைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மதுரையில் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். ஆடி வெள்ளிக்கும் மார்கழிக்கும் எங்கள் ஓ.பி.யில் இருமல் கூட்டம் கூடும். பூஜையை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கே சாம்பிராணி மணம் உயிர். அகிற்புகையில் கூந்தல் உலர்த்திய பெண்களைச் சங்கப் பாடல்களில் பார்க்கிறோம். நெல் வாங்கி வரச்சொல்லி மனைவி கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிக்கொண்டு திருக்கடவூர்க் கோயிலுக்குப் போனவர் நாயன்மார் வரிசையில் இருக்கிறார். இந்த மணம் நமக்குப் புதிதல்ல. வீடுதான் புதிது. முற்றமும் ஓட்டு இடுக்கும் இருந்த வீட்டில் புகை மேலேறிப் போய்விடும். இன்றைக்கு அடுக்குமாடி வீட்டில் பூஜை அலமாரி படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யையும் போட்டுவிடுகிறோம். சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஏற்றிய புகை விடியவிடிய அங்கேயேதான் சுற்றுகிறது.

மணம் வேறு, புகை வேறு. மூக்குக்கு இதமாக இருப்பது பிசினிலும் பூவிலும் மரத்திலும் இருந்து ஆவியாகிற எண்ணெய்கள். நுரையீரலுக்குள் போய் உட்காருவது கரியும் மரத்தூளும் அரைகுறையாக எரிவதால் வருகிற நுண்துகள்கள். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அதேதான். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் இதைத் தடுக்காது, நேரே காற்றுச் சிற்றறை வரை போகும். ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராம் துகள் வருகிறது, ஒரு கிராம் சிகரெட் எரிந்தால் 10 மில்லிகிராம் என்று 2008இல் தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்து எழுதினார்கள். சிகரெட்டை நேராக உள்ளிழுக்கிறார்கள், ஊதுபத்தி அறைக்காற்றில் கலந்து நீர்த்து வருகிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் புகை என்றே நினைக்காத ஒன்றிலிருந்து இவ்வளவு துகள் வருகிறது என்பதை மனதில் வையுங்கள். துகளோடு கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வருகின்றன. சிங்கப்பூரில் 61,000க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் 2008இல் வெளியானது. நீண்டகாலம் வீட்டில் ஊதுபத்தி ஏற்றியவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் ஒருவகைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது அதில் தெரிந்தது. ஒரு நாள் ஏற்றியதால் வருவதல்ல இது. பகலும் இரவுமாக, வருடக்கணக்கில், மூடிய வீட்டில் ஏற்றுவதைப் பற்றிய எச்சரிக்கை.

கடையில் வாங்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான ஊதுபத்தி கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கு ஜிகட் எனும் மரப்பட்டைப் பொடி சேர்த்து மூங்கில் குச்சியில் உருட்டி, பிறகு செயற்கை வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்தது. மல்லி, ரோஜா, தாழம்பூ என்று அட்டையில் பூ படம் இருக்கும், உள்ளே இருக்கும் கருப்புக் குச்சி எல்லாவற்றிலும் ஒன்றுதான். மசாலா பத்தி என்பது வேறு. அதில் வாசனைப் பொருட்களை மாவிலேயே சேர்த்துப் பிசைகிறார்கள். மட்டிப்பால் எனும் மரப்பிசின் சேர்த்த பத்தியைத் தொட்டால் லேசாக ஈரப்பசையோடு மெத்தென்றிருக்கும். அந்தப் பிசின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அதுதான், கண்ணில் குத்தாத மணம். தசாங்கமும் பிடிக்கும். ஆனால் இயற்கை, மூலிகை, பசுஞ்சாணம் என்று எழுதியிருந்தால் புகையில் கெடுதல் இல்லை என்று அர்த்தமில்லை. எது எரிந்தாலும் துகள் துகள்தான். குச்சியில்லாத தடித்த தூப் வகைகளும் கப் சாம்பிராணியும் ஒற்றை ஊதுபத்தியைவிட அதிகமாகப் புகைகின்றன.

சாம்பிராணிதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கவலை, அதிலும் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில். நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டியும் தாயுமாக வருவார்கள். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைக்கும். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் விசில். "எப்பலருந்தும்மா இப்படி?" என்றால், "நேத்து தலைக்கு ஊத்துனோம் டாக்டரம்மா. அதுலருந்துதான்" என்பார் பாட்டி. சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று ஈரத்தலையோடு குழந்தையை மடியில் போட்டு, கதவைச் சாத்தி, தணலில் சாம்பிராணி போட்டுப் பிடித்திருப்பார்கள். "எம் மகனுக்கும் இப்படித்தானே போட்டேன்?" என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் அடுத்த தடவை நம்மிடம் மறைத்துத்தான் போடுவார். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல். உள்தோல் துளி வீங்கினாலே பாதி அடைத்துவிடும். ஏற்கெனவே வைரஸ் சளி இருந்தால் சொல்லவே வேண்டாம். தணல் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடிய அறையில் குழந்தை அசந்து தூங்குகிறதென்று நினைத்துக்கொண்டிருப்போம், அது மயக்கமாக இருக்கலாம்.

நான் பாட்டிமாரிடம் சொல்வது இவ்வளவுதான்: தலையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், மின்விசிறியை நிறுத்தி வையுங்கள், பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பச்சைக் குழந்தையின் முடிக்குப் புகை தேவையே இல்லை. பெரியவர்களுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற வெந்நீரில் டிங்சர் பென்சாயின் விடச்சொல்லி மருத்துவர்கள் எழுதித் தந்ததுண்டு. அதுவும் சாம்பிராணிப் பிசின்தான். அங்கே பிசின் நீராவியோடு வருகிறது, தணலில் கருகி வரவில்லை.

வீட்டுக்குச் சாம்பிராணி போடுவதென்றால் கரியை வாசலிலோ மொட்டை மாடியிலோ கனலவிடுங்கள், பற்றும் நேரத்தில்தான் அது அதிகம் புகையும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். புகை அடங்கிச் சிவந்த பிறகு உள்ளே கொண்டுவந்து, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, பிசினைச் சிட்டிகை அளவு போட்டு, பின்கட்டிலிருந்து வாசல் வரை ஒரு நடை. தூபக்காலை வெளியிலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த நேரம் மாடியில் இருக்கட்டும், அரை மணி கழித்து வரட்டும். மின்சாரத் தூபக்கால் பரவாயில்லை. கரி இல்லாததால் கார்பன் மோனாக்சைடு குறையும். ஆனால் பிசினைக் கருகவிட்டால் அதுவும் புகைதான்.

ஊதுபத்திக்கு இன்னும் எளிய வழி உண்டு. முழுக் குச்சியும் எரிய அரை மணிக்கு மேல் ஆகும், பூஜை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாதியில் அணைப்பது தோஷம் என்று மனம் கேட்கவில்லையென்றால் ஏற்றுவதற்கு முன்பே ஒடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குப் பதில் அரை. எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும். படுக்கையறையில் மட்டும் ஏற்றவே வேண்டாம்.

ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் புகையில்லாத மணத்துக்கு மாறிவிடுவதே நல்லது. நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. மரிக்கொழுந்தும் மருகும் சேர்த்துக் கட்டிய ஒரு முழம் மல்லிகையைச் சாமிக்குச் சாத்தினாலே அறை மணக்கும். மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடலாம், வேர்த் தட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிடலாம். சந்தனத்தை இழைத்து வைத்தால் அதற்கு ஈடான வத்தி எந்தக் கடையிலும் கிடையாது. பூவும் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும் என்பதால் அவரவர் உடம்பைக் கவனிக்க வேண்டும்.

கொசுவை விரட்டும் ஊதுபத்தி என்று தெருமுனைக் கடையில் கிடைப்பதைச் சாதாரண வத்தி போலப் பார்க்காதீர்கள். அது பூச்சிக்கொல்லி. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வாங்கியாக வேண்டும். அட்டையில் அந்த எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். கொசுவர்த்திச் சுருளும் லேசுப்பட்டதல்ல. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைதான் என் முதல் சிபாரிசு.

கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. ஒரு வில்லை போதும், சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவதும் வேண்டாம், தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

உங்கள் வீட்டு இருமலுக்குப் புகை காரணமா என்று சந்தேகமா? இரண்டு வாரம் ஊதுபத்தி, சாம்பிராணி, சுருள் மூன்றையும் வீட்டுக்குள் முழுசாக நிறுத்திப் பாருங்கள். ராத்திரி எத்தனை தடவை இருமி எழுந்தார்கள், இன்ஹேலர் எத்தனை தடவை தேவைப்பட்டது என்று காலண்டரில் அன்றன்றைக்கே குறியுங்கள். மூச்சை வேகமாக ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் காலை மாலை அளவையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். புகை போட்ட அறையில் இருந்தவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். குழந்தை பால் குடிக்க முடியாமல் இரைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பெரியவர் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.