புள்ளி மறைந்த மீனை நம்பலாமா?

பெங்களூரில் சிவாஜி நகர்ப் பக்கம் வீட்டுத் தொட்டியில் வளர்க்கக் கடல்மீன் வாங்கப் போனால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: "போன வாரம் லேசா புள்ளி இருந்துச்சு சார். மருந்து போட்டோம், இப்ப சுத்தமா போயிருச்சு, நீங்களே பாருங்க." கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மீன் மேல் ஒரு புள்ளிகூட இருக்காது. ஆனால் மருந்தே போடாமல் விட்டிருந்தாலும் அந்த வாரத்தில் புள்ளி மறைந்துதான் இருக்கும்.

உப்புத் தூள் தூவினாற்போலத் தெரியும் அந்த வெண்புள்ளிகளுக்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒரு செல் உயிரி. மீனின் மேல்தோலுக்குள் புதைந்துகொண்டு 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் புள்ளி அதுதான். வயிறு நிறைந்ததும் தானாகவே மீனைவிட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் நூற்றுக்கணக்கில் நீந்தும் குஞ்சுகள் வெளியே வரும். கூடு திறக்கச் சில சமயம் 3 நாள் போதும், சில சமயம் 28 நாளும் ஆகும். வெளிவந்த குஞ்சுக்கு ஓரிரு நாளில் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. திறந்த கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் சாகின்றன. வீட்டுக் கூடத்தில் இருக்கும் நான்கடித் தொட்டியிலோ மீன் கிடைப்பது மிக எளிது.

புது மீனைத் தனித் தொட்டியில் வைப்பதன் கணக்கு முழுக்க இந்த நாள் கணக்குதான். ஒரு வாரம் வைத்துப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பெரிய தொட்டிக்கு மாற்றினால் கூட்டிலிருந்து வந்து மறுபடி தோலுக்குள் புகுந்த குஞ்சுகளையும் சேர்த்தே கொண்டுபோனது போல ஆகிவிடும். குறைந்தது நான்கு வாரம் வேண்டும்.

தொட்டி பெரிதாக இருக்கத் தேவையில்லை. கோமாளி மீன் மாதிரிச் சின்ன மீனுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். அடியில் மணல் வேண்டாம், கல்லும் வேண்டாம். மணலும் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சத்து, வெண்புள்ளிக்குப் போடுகிற காப்பர் (செம்பு) மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன் ஒளிய இடம் வேண்டுமே என்றால் பிளம்பிங் கடையில் பிவிசி குழாய் இணைப்புகள், எல்போ, டீ என்று நாலைந்து வாங்கிப் போட்டால் சரி. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மீனுக்கு அது பொருட்டில்லை.

காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று, ஹீட்டர் ஒன்று. ஸ்பான்ஜை மட்டும் ஒரு மாதம் முன்பே, நோயில்லாத பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீர் சுத்தமாகும் துணைத் தொட்டியில்) போட்டு ஊறவைக்க வேண்டும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற அந்த அவகாசம் தேவை. சென்னையில் ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள். இங்கே பெங்களூரில் டிசம்பர் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும், மீனுக்கோ 25, 26 வேண்டும். இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் பிடிக்கும் என்பது அதற்கு மேல். ஆகவே காற்றுப் பம்பைப் பெரிதாகவே வாங்கலாம். கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

மீன் வந்து சேரும் அரைமணி நேரம்தான் பலரும் சொதப்பும் இடம். சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சல் வருகிறது என்று வையுங்கள். கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும். அதனால் 8.2 இருக்க வேண்டிய பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7 பக்கம் இறங்கியிருக்கும். மீனின் கழிவான அமோனியாவும் அதே தண்ணீரில்தான். ஆனால் பிஎச் குறைவாக இருக்கும்வரை அமோனியாவில் பெரும்பகுதி அமோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்த உடனே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும். பிஎச் ஒரு படி ஏறினால் விஷமான அமோனியா ஏறக்குறைய பத்து மடங்கு. "மெதுவாகப் பழக்கணும்" என்று இரண்டு மணிநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறவர்கள், நல்ல எண்ணத்தோடு மீனை அந்த விஷத்திலேயே உட்கார வைக்கிறார்கள். பையைத் திறக்காமல் 15 நிமிஷம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, வெட்டி, மீனை மட்டும் உடனே தொட்டியில் விடுவதே மேல். பைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போக வேண்டாம்.

அப்படியானால் உப்பின் அளவு? அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம். பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஒப்படர்த்தி (உப்பால் தண்ணீர் எவ்வளவு கனமாகிறது என்ற அளவு) எவ்வளவு என்று போனில் கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் தயார் செய்து, பிறகு பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 1.025க்கு ஏற்றிக்கொண்டால் போதும். காலித் தொட்டி என்பதால் இந்த வசதி. பவளமும் இறாலும் இருக்கும் பெரிய தொட்டியில் இது நடக்காது.

மருந்துக்கு வருவோம். காப்பர் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் கூடுகள் எல்லாம் திறந்து முடியும்வரை, சுமார் 30 நாள், அளவு ஒரு நாள்கூட இறங்காமல் காப்பரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. வெறும் காப்பர் அயனி என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம். வேறு பொருளோடு பிணைத்த, கட்டுண்ட (கீலேட்டட்) வகைக் காப்பர் என்றால் 2 முதல் 2.5. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆகவே புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றினால் மீன் போய்விடும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். டெஸ்ட் கிட் இல்லாமல் காப்பர் போடாதீர்கள் என்பது என் கட்சி.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கூடு திறக்கக் குறைந்தது 3 நாளாவது ஆகும் அல்லவா, அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது. பழையதைக் கழுவி முழுக்கக் காயவைத்தால் கூடுகள் செத்துவிடும். இப்படி 3 நாளுக்கு ஒரு முறை, நான்கு முறை மாற்றினால் 12 நாளில் வெண்புள்ளி தீர்ந்தது. உப்புச் செலவு இருக்கிறது, மீனுக்குக் கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது. ஆனால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்கு இதை நம்ப முடியாது. அது செவுளைப் பிடித்து, புள்ளி கண்ணில் படுவதற்குள் மீனை முடித்துவிடும். தெறிக்கும் நீர்த்துளியில்கூடப் பரவும் என்பதால் தனித் தொட்டியை வேறு அறையில் வைப்பது நல்லது. வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனி.

மீனுக்கு இவ்வளவும் செய்கிறவர்கள் நத்தையையும் இறாலையும் அப்படியே பெரிய தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அவற்றுக்கு வெண்புள்ளி வராதுதான். ஆனால் நத்தையின் ஓட்டில் கூடு ஒட்டியிருக்கலாம். காப்பர் கொஞ்சம் பட்டாலே அவை செத்துவிடும் என்பதால் அந்த வழியும் இல்லை. மீனே இல்லாத ஒரு சின்னத் தொட்டியில் ஆறேழு வாரம் வைத்தால் போதும். வெளிவரும் குஞ்சுக்கு மீன் கிடைக்காது.