முப்பரிமாண அச்சு: ஈரலுக்கு ஏற்ற சொல்தானா?

மொரீசியசில் ரோஸ் ஹில் தமிழ் வகுப்பில் என்னிடம் படிக்கும் மாணவி, ஈரல் அறுவைக்காகச் சென்னைக்குப் போன பாட்டியோடு துணைக்குப் போயிருந்தாள். மருத்துவர் கண்ணாடிபோல் தெளிந்த ஈரல் உரு ஒன்றைப் பாட்டியின் கையில் கொடுத்து, "முப்பரிமாண அச்சில் செய்த உங்கள் ஈரல்" என்றாராம். பாட்டிக்கு மொரீசியசின் கிரியோல் மொழிதான் பேச வரும். அச்சு என்பதை மாணவி 'மூல்', அதாவது வார்க்கும் அச்சு, என்று சொல்லியிருக்கிறாள். "எல்லாருக்கும் இதே மூலா?" என்று பாட்டி கலங்கிவிட்டார்.

மாணவி மேல் குற்றமில்லை. அச்சுவெல்லத்தையும் அச்சுமுறுக்கையும் காட்டி அந்தச் சொல்லை நான்தான் கற்பித்தேன். ஓர் அச்சு, நூறு முறுக்கு. 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியபோதும் வார்த்த எழுத்தை மையிட்டுத் தாளில் அழுத்தினார்கள். அச்சகம், அச்சுப்பிழை எல்லாம் அந்த வழியில் வந்தவை. இங்கே நாம் கேட்கும் 'அம்ப்ரெசியோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் அழுத்துதலே.

முப்பரிமாண அச்சு இயந்திரமோ எதையும் அழுத்துவதில்லை. சி.டி. ஸ்கேன் படத்தில் ஈரல், கட்டி, குழாய்கள் ஒவ்வொன்றையும் பிரித்துக் குறிக்கிறார்கள். கணினி அந்த உருவை மெல்லிய கிடைத்துண்டுகளாகச் சீவுகிறது. பிறகு பிசின் படலம் படலமாக இறுகி எழும்புகிறது. ஒளியால் பிசினை இறுக்கும் இம்முறைக்கு அமெரிக்கரான சக் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஈரலை வெளியிலிருந்து பார்த்து உள்ளமைப்பைச் சொல்ல முடியாது. குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் வாயில் சிரை, ஈரல் தமனி, பித்தநாளம் மூன்றும் சேர்ந்து கிளைவிடுகின்றன. ஈரல் சிரைகள் அவற்றுக்கிடையே வேறு வழியில் ஓடுகின்றன. இதை வைத்துப் பிரெஞ்சு மருத்துவர் குவினோ 1957இல் ஈரலை எட்டுப் பகுதிகளாக வகுத்தார். ஆனால் கிளைகள் ஆளுக்கு ஆள் மாறும். கட்டி எந்தச் சிரையை ஒட்டியிருக்கிறது, எங்கே வெட்டினால் மிச்சம் போதும் என்பதையெல்லாம் உருவைத் திருப்பிப் பார்த்தே பேசலாம். நலமான ஈரலில் நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலும் பெரும்பாலும் மீண்டும் வளரும். சுருங்கி இறுகிய ஈரலுக்குச் சுமார் 40 விழுக்காடு வேண்டும். உயிரோடிருப்பவர் ஈரல் கொடுக்கும் மாற்று அறுவைக்காகக் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் ஈரல்களையும் இப்படிச் செய்து பார்த்ததை அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்டார்கள்.

ஆக, இந்த உருவின் மதிப்பே அது ஒருவருக்கு மட்டும் உரியது என்பதில் இருக்கிறது. அச்சு என்ற சொல் அதை மறைக்கிறது. 'அச்சு அசல் அம்மா மாதிரி' என்கிறோமே, அந்த வழக்கு அச்சுக்குச் சார்பாக நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பரிமாணம் வடசொல்; அளவு என்று பொருள். அது தமிழில் ஊன்றிவிட்டது, எனக்கு அதில் மறுப்பில்லை.

நான் முன்வைப்பது 'வனைதல்'. குயவர் மண்ணை அடியிலிருந்து எழுப்பி ஒவ்வொரு பானையாக வனைகிறார். இயந்திரத்தை வனைவி என்றும், வேலையை முப்பரிமாண வனைவு என்றும், கையில் கிடைப்பதை வனைவுரு என்றும் சொல்லலாம். ஊடகங்களில் 'முப்பரிமாண அச்சு' தொடரட்டும்; நோயாளியிடம் பேசும்போதாவது, "இது உங்கள் ஈரலைப் பார்த்து வனைந்தது" என்று சொன்னால் மூல் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.